சிவப்பு எரியாத பள்ளி

பள்ளிக் கழிப்பறை வாசலில் ஒரு விளக்கு இருந்தது. வயிற்றில் புழு உள்ள பிள்ளை உள்ளே போனால் அது சிவப்பாக எரியும். இரண்டு மாதமாக ஒருநாளும் எரியவில்லை. புழுவே இல்லாத பள்ளி என்று இன்று விருது. அதிகாரிக்குத் தலைமையாசிரியர் மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

கழிப்பறை கழுவும் செபஸ்தியம்மாள் மட்டும் கைதட்டவில்லை. இரண்டு மாதமாக அங்கே கழுவ எதுவுமே இல்லை.

கூட்டத்திலிருந்து மகள் ரோசி வயிற்றைப் பிடித்தபடி உடைந்த பின்சுவரை நோக்கி ஓடினாள்.

"ஏட்டி, கக்கூஸ் தெறந்துதான கெடக்கு!"

"செவப்பு எரிஞ்சா பள்ளிக்கூடமே சிரிக்கும்மா."

"செருப்பையாவது போடுட்டி. வெறுங்கால் வழியாத்தான் புழு ஏறுது!"

செருப்புகள் வகுப்பு வாசலில் வரிசையாகக் கிடந்தன.

"எடுக்கப் போனா டீச்சர் கண்டுபிடிச்சிருவாங்க" என்றபடி சுவரேறிக் குதித்தாள் ரோசி.

செபஸ்தியம்மாள் எட்டிப் பார்த்தாள். முள்ளுக்காட்டு ஈரமண்ணில் பள்ளிக்கூடமே வெறுங்காலோடு நடந்து போயிருந்தது.