நாலாவது செட்

நாலாவது செட்டும் பொருந்தவில்லை.

டிராயிங் மாஸ்டர் திறந்த கார்க் கதவுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரப்பர் மேட்டை முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். பிரேக் பக்கம் மூலை மடங்கியது. அதை அமுக்கினால் கதவுப் பக்கம் தூக்கியது. தரையில் கொக்கி ஓர் இடத்தில், மேட்டில் ஓட்டை இன்னோர் இடத்தில்.

"நீங்க சொன்ன வண்டிக்குன்னே வார்த்த மேட்டுங்க இது," என்றாள் கடைக்காரம்மா, அவர் தலைக்குக் குடை பிடித்தபடி. "பன்னெண்டு வருஷமா கடை வச்சிருக்கேன். எந்த வண்டிக்கு எந்த மேட்டுன்னு போட்ட இந்த அட்டவணை ஒரு தடவைகூடத் தப்பினதில்லை."

"அப்ப வண்டி தப்பாம்மா?"

கார் அவருடையதாக இருந்திருந்தால் வெறும் தரையோடு ஓட்டிக்கொண்டு போயிருப்பார். அது மச்சானுடையது, மனைவியின் அண்ணன். பத்து வருஷமாகத் தன் எந்த வண்டியின் சாவியையும் கண்ணில்கூடக் காட்டாத மனிதர். தங்கை கெஞ்சிய கெஞ்சலுக்கு இரங்கி, வெளியூர் போகும்போது முதல்முறையாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். போகிற போக்கில், "காலை நல்லா உதறிட்டு ஏறுங்க மாப்ளே" என்று ஒரு குத்து வேறு.

பள்ளி விழா மேடைக்குப் பெயிண்ட் வாங்கி வந்த மாஸ்டர் ஒரு வேகத்தடையைக் கவனிக்கவில்லை. ஒரு லிட்டர் நீல எனாமல் கவிழ்ந்து குளமாகிவிட்டது. துடைக்கத் துடைக்க அது பரவிக்கொண்டே போக, மேட்டுகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இந்தத் தெருவுக்கு ஓடிவந்தார்.

நாலு மணிக்கு மச்சான் வந்துவிடுவார். இப்போது மணி இரண்டே முக்கால்.

தெருவே ஒரு பெரிய பட்டறை மாதிரி இருந்தது. ஒரு கடையில் சீட் கவர், அடுத்ததில் ஹாரன், எதிரே வாட்டர் வாஷ். வந்து நின்றதுமே கடைக்காரம்மா, "வண்டியைப் பூட்டாதீங்க சார். வேலை செய்றவங்க ஏறி இறங்கணும், இந்தத் தெருவுல யாரும் பூட்டறதில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டாள்.

தேர்ந்தெடுப்பதிலேயே அரை மணி போயிற்று. துணி மேட் ஆகாது, நுரை மேட் ஆகாது. மழை, வெயில், சேறு எல்லாவற்றையும் தாங்குகிற, தாம்பாளம் போல் விளிம்பு தூக்கிய கறுப்பு ரப்பர்தான் வேண்டும். மச்சான் போட்டிருந்தது போலவே குறுக்குக் கோடும் வேண்டும். பிறத்தியார் சட்டையில் பட்டன் மாறியிருந்தாலே விசாரணை வைக்கிற ஆள் அவர்.

ஒருவழியாக அப்படி ஒன்று கிடைத்தது. பிடித்துக்கொண்ட மழையில் தலையைக் குனிந்துகொண்டு ஓடிப்போய், வெள்ளைக் காரின் கதவைத் திறந்தார் மாஸ்டர். அப்போது பிடித்த சனி இன்னும் விடவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, முடிஞ்சுதா? அண்ணன் கிளம்பிட்டாராம்."

"எதுவும் பொருந்தித் தொலைய மாட்டேங்குது!"

"கீழ தரையில பெயிண்ட் இறங்கிடுச்சா?"

"ஒரு சொட்டு இல்லை. எல்லாத்தையும் மேட்டே தாங்கிடுச்சு. இன்னிக்கு நடந்த நல்லது அது ஒண்ணுதான்."

"எங்கண்ணன் முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சிடாதீங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மாஸ்டர் மேட்டை இன்னொரு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"போன வருஷ வண்டிதானே சார்?" கடைக்காரம்மா மறுபடியும் கேட்டாள்.

"எத்தனை தடவைம்மா கேப்பீங்க? போன வருஷம் வாங்கினப்ப இனிப்புப் பெட்டியே நான்தான் தூக்கிட்டுப் போனேன்!"

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. மாஸ்டர் எழுந்தார். "கத்தி இருக்கா? பசை இருக்கா? கொண்டாங்க."

"வேணாம் சார். இந்தப் பசை ஒட்டினா ஒட்டினதுதான். பிரிச்சா தரைவிரிப்பும் சேர்ந்து பிஞ்சுக்கிட்டு வரும்."

"யாரும் பிரிக்கப் போறதில்லை. நான் பொறுப்பு."

"நீங்களே பண்ணிக்கோங்க. என் கையால நான் பண்ண மாட்டேன்." குடையை அவர் கையில் திணித்துவிட்டு, பசை டப்பாவையும் கத்தியையும் கொண்டுவந்து வைத்தாள் அவள்.

மாஸ்டர் படம் வரைகிற கைக்காரர். துருத்திய மூலைகளை அளந்து நறுக்கினார். கொக்கிகளைத் திருகித் திருகிப் பிடுங்கிப் போட்டார். டப்பாவில் பாதியைத் தரையில் கொட்டித் தடவி, மேட்டை வைத்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதி மிதியென்று மிதித்தார். காலை முதல் பட்ட எரிச்சல் எல்லாம் அந்த மிதியில் இறங்கியது.

இழுத்துப் பார்த்தார். மேட் இம்மியும் அசையவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார். "முடிஞ்சுது. உங்கண்ணன் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. டீயைப் போடு, வந்துட்டே இருக்கேன்."

மனைவி பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மச்சானை நினைத்து மாஸ்டர் சிரித்தது இதுவே முதல் தடவை.

கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். கழுவித் துடைத்த நாலு பழைய மேட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி ஒருவர் நின்றிருந்தார்.

"கொஞ்சம் இறங்குறீங்களா சார்? என் மேட்டைப் போட்டுட்டு, என் வண்டியை எடுக்கணும்."