ஆமாம் என்றது கத்தரிக்கோல்

மயங்கிக் கிடப்பவரின் வாய் மூடிக்கொள்ளாதபடி விரித்துப் பிடிக்கும் கருவிதான் வாய்விரிப்பான். ஓர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் சாமான் வைக்கும் தட்டுக்கு அதுவே தலைவர். "எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனையும் வாய் திறக்க வைத்தவன் நான்" என்பது அதன் பெருமை.

அன்று ஒரு குழந்தைக்கு டான்சில் ஆபரேஷன். தட்டில் ஒரு கத்தரிக்கோலும் இருந்தது. அதன் ஆணி கழன்றுகொண்டிருந்தது. குழந்தையின் தொண்டைக்குள் விழுந்துவிட்டால் என்ன ஆவது?

"தலைவரே, ஒரு விஷயம் சொல்லணும்," என்றது.

"தாராளமா சொல்லுப்பா! நம்ம தட்டுல யார் வேணும்னாலும் வாயைத் திறக்கலாம்," என்ற வாய்விரிப்பான், கத்தரிக்கோலின் இரண்டு அலகுக்கும் நடுவே புகுந்து, முடிந்தமட்டும் விரித்துப் பிடித்துக்கொண்டது. "ம், இப்ப சொல்லு."

"ஆ... ஆ..."

அலகை அசைக்க விட்டால்தானே 'ஆணி' என்று முழுதாகச் சொல்ல முடியும்!

"கேட்டீங்களா? எல்லாம் நல்லா நடக்குதான்னா, 'ஆமா'ங்கறான்," என்றது வாய்விரிப்பான், மற்றவர்களைப் பார்த்து.

அடுத்தது தன் முறையோ என்று பயந்த இடுக்கி, பல்லை இறுகக் கடித்துக்கொண்டது.

"பாருங்க, இடுக்கி அண்ணனுக்குச் சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல!"

அந்தச் சந்தோஷத்தில் வாய்விரிப்பான் இன்னும் கொஞ்சம் விரித்தது. ஆணி தெறித்து, தட்டில் 'கிணிங்' என்று விழுந்தது. கத்தரிக்கோல் இரண்டு துண்டாகச் சாய்ந்தது. தொண்டையில் விழாமல் தட்டில் விழுந்ததே என்று அதற்கு ஒரு நிம்மதி.

வாய்விரிப்பான் முகத்தைச் சுளித்தது.

"ஒருத்தர்தான் கை தட்டினீங்க. மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு?"