எண்ணெய்த் தண்ணீரில் வாதாங்கொட்டை

வாளியைக் கயிற்றில் கட்டி மொட்டைமாடிச் சுவருக்கு வெளியே இறக்கினாள் சுகிர்தம்.

எர்ணாவூரில் அவர்கள் தெரு முழுக்கக் கழுத்தளவு வெள்ளம். அதன்மேல் எங்கிருந்தோ வந்து பரவிய கறுப்பு எண்ணெய். பக்கத்துக் குடோனில் நின்ற நாட்டு பாதாம் மரமான வாதாமரத்தைப் புயல் உலுக்கிவிட்டுப் போயிருந்தது. உதிர்ந்த காய்கள் சுவரோரம் மிதந்தன.

வீட்டு அரிசி கீழ்த்தளத்தோடு மூழ்கிவிட்டது. இனி இதுதான் சாப்பாடு.

மாடியின் தகரக் கொட்டகையில் அவள் கணவன் வில்சன் காலில் மாவுக்கட்டோடு கிடந்தான். துறைமுகத்தில் மூட்டை சரிந்து முறிந்த கால்.

கீழ்த்தளத்திலேயே அடுத்த போர்ஷனில் இருந்த அவள் அண்ணன் அன்பரசன், முந்தாநாள் தண்ணீர் இடுப்பளவு இருந்தபோதே பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பிவிட்டான்.

"நீ மச்சானோட இரு, சுகிர்தம். இதுங்கள வுட்டுட்டு ஒரு போட்ட இட்டாந்துடறேன்."

நேற்று முழுக்கப் படகு வரவில்லை.

"உங்கண்ணன் நம்மள மறந்துட்டான்" என்றான் வில்சன்.

"எங்கண்ணனப் பத்தி எனக்குத் தெரியும். நீ சும்மா இரு."

காய்களைப் பழைய லுங்கியில் துடைத்தாள். எண்ணெய் போகவில்லை. மேல்சதையைச் சீவி எறிந்த பிறகுதான் சுத்தமான கொட்டை கைக்கு வந்தது. நிமிர்த்தி வைத்துச் செங்கல்லால் ஓர் அடி. பலமாக அடித்தால் பருப்பு கூழாகிவிடும்; மெதுவாக அடித்தால் ஓடு பிளக்காது. இத்தனை பாட்டுக்கும் உள்ளே இருந்தது பாதிச் சுண்டுவிரல் பருப்பு.

நேற்றுப் பச்சையாகத் தின்றது வில்சனுக்குக் குமட்டியது. அதனால் உடைந்த நாற்காலியைக் கொளுத்தி, தகர மூடியில் போட்டு வறுத்தாள். ஈரக்கட்டை. மாடியெல்லாம் புகை.

அந்தப் புகையினூடே மோட்டார் சத்தம் கேட்டது.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ஒரு பைபர் படகு. ஓட்டி வந்தவன் முன்பின் தெரியாத மீனவக் குப்பத்து ஆள்.

"பொகையப் பாத்துட்டுதான்க்கா வந்தேன். நேத்தே தெருமுனை வரிக்கும் வந்தோம். வழி காட்ட வந்த ஆளு, இங்க ஒருத்தரும் இல்ல, எல்லாம் பூட்டாங்கன்னாரு. அவரு மாமியார் வூட்டு ஃபிரிட்ஜ ஏத்தணும்னு அந்தாண்ட இட்டுகினு பூட்டாரு."

"யாரு அந்த ஆளு?"

"அன்பரசன்னு. இதே தெருவுதானாம். உனக்குத் தெரியுமாக்கா?"

பின்னால் பருப்பு கருகும் வாடை வந்தது. சுகிர்தம் திரும்பவில்லை.

"தெரியாது" என்றாள்.

கொட்டகைக்குள் வந்தபோது வில்சன் சுவரில் சாய்ந்து எழ முயன்றுகொண்டிருந்தான். மோட்டார் சத்தம் மட்டும்தான் அவன் காதில் விழுந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான் சொன்னபடியே அனுப்பிட்டாரு பாத்தியா! அவரப் போயி தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத, சுகிர்தம்."

அவள் குனிந்து, அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பரவால்ல. கால பாத்து வையி."