ஏழுக்கு ஏழு

"மேடம், அந்தப் பாஸ்டர் வந்திருக்காருங்க. கையில பரீட்சை பேப்பர் வெச்சிருக்காரு."

வாட்ச்மேன் சொன்னதுமே தலைமையாசிரியை ஜோதியம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மத்திகிரியில் பாஸ்டர் அருள்ஜோசப்பைத் தெரியாதவர்கள் குறைவு. வாரம் முழுக்க சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை வாடகை ஹாலில் சபை நடத்துவார். உயிர் தானாக உண்டானது என்று பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருவது சுத்தப் பொய் என்று போன மாதம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் மைக் பிடித்து ஒரு மணி நேரம் பேசியிருந்தார்.

அவர் மகள் பெனிஷா இங்கேதான் பத்தாவது படிக்கிறாள்.

"கிருஷ்ணப்பன் சாரை வரச் சொல்லுங்க."

கிருஷ்ணப்பன் அறிவியல் ஆசிரியர். யார் வந்து எதிர்த்தாலும் பரிணாமப் பாடத்தில் ஒரு வரியைக்கூட விட மாட்டேன் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டிருப்பவர். அந்தத் தைரியத்தின் மேல் ஜோதியம்மாளுக்கு ஒரு மரியாதை உண்டு. இன்றைக்கு அவர் பக்கம் நின்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

கிருஷ்ணப்பன் வந்து மேஜைப் பக்கத்தில் நின்றார். அருள்ஜோசப் கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்தார். பின்னால் பெனிஷா, தலையைக் குனிந்தபடி.

"உட்காருங்க பாஸ்டர்."

"இருக்கட்டும் மேடம். ரெண்டே காலுக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ். சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறேன்."

திருப்புதல் தேர்வு விடைத்தாளை மேஜை மேல் வைத்தார்.

"உயிரோட தோற்றத்தைப் பத்தி ஒரு பெரிய கேள்வி. சார் இவளுக்கு ஏழுக்கு ஏழு போட்டிருக்காரு. அந்த ஏழு மார்க்கையும் எடுத்துடணும்."

அரை மார்க் சேர்த்துப் போடச் சொல்லி வந்த பெற்றோரை ஜோதியம்மாள் நிறையப் பார்த்திருக்கிறார். மார்க்கை எடுக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

"பாஸ்டர், உங்க நம்பிக்கையை நான் குறை சொல்லலை. வீட்லயும் சபையிலயும் நீங்க என்ன வேணும்னாலும் சொல்லிக் கொடுங்க. இங்கே பாடத்துல இருக்கறதைத்தான் பிள்ளைங்க எழுதணும். எழுதினதுக்கு சார் மார்க் போட்டிருக்கார். உங்களுக்குப் பிடிக்கலைங்கறதுக்காக அதை எடுக்க முடியாது."

"பாடத்துல இருக்கறதை எழுதியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே மேடம்."

ஜோதியம்மாள் கிருஷ்ணப்பனைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுப் பாருங்க மேடம்," என்றார் அருள்ஜோசப்.

"அது... அப்புறமா நான் விளக்கமா சொல்றேன் மேடம்," என்றார் கிருஷ்ணப்பன் அவசரமாக.

ஜோதியம்மாள் தாளைப் பிரித்தார். 'வேதிப் பரிணாமக் கோட்பாட்டை விளக்குக' என்பது கேள்வி. கீழே இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத அழகான கையெழுத்து. கடவுள் முதல் நாள் வெளிச்சத்தைப் படைத்தது, ஆறாம் நாள் மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கியது, எல்லாம் வரிசையாக இருந்தது. ஆதிக் கடலைப் பற்றியோ அதில் சேர்ந்த வேதிப்பொருட்களைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

ஓரத்தில் சிவப்பு மையில் ஏழு. பக்கத்தில் 'நன்று.'

"என்ன சார் இது?"

கிருஷ்ணப்பன் தாளைப் பார்க்காமலே பேசினார்.

"பிரச்சனை வேண்டாம்னுதான் மேடம். பாஸ்டர் மைக் போட்டுப் பேசறவர். முட்டை போட்டா எங்க மதத்தை அவமானப்படுத்திட்டாருன்னு ஆள் சேர்த்துக்கிட்டு வருவாங்க. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு."

அருள்ஜோசப்புக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை.

"ஆண்டவர்தான் படைச்சாருன்னு சாகற வரைக்கும் சொல்லுவேன் சார். உங்க பாடத்தை நான் ஒத்துக்கவும் மாட்டேன். ஆனா பேப்பர்ல கேட்டது அது இல்லையே? எங்க கம்பெனியில டிராயிங் கொடுப்பாங்க. அதுல இருக்கற அளவை விட்டுட்டு எனக்குப் பிடிச்ச அளவுல பாகம் செஞ்சா ரிஜெக்ட்தான். அதானே நியாயம்?"

மகள் பக்கம் திரும்பினார்.

"நேத்து என்கிட்ட சொன்னதை சார்கிட்டயும் சொல்லும்மா."

பெனிஷா நிமிரவில்லை.

"அந்தப் பாடத்தை நான் படிக்கலைங்க சார். இதை எழுதினா நீங்க மார்க் குறைக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் எழுதினேன்."

"நம்பி எழுதியிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும் மேடம்," என்றார் அருள்ஜோசப். "படிக்காம தப்பிக்கறதுக்கு எழுதியிருக்கா. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

கிருஷ்ணப்பன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஏழை அடித்தார். பூஜ்யம் போட்டார். மொத்தத்தைத் திருத்தியபோது பாஸ் மார்க்குக்கு இரண்டு குறைந்தது.

"பாஸ்டர், பொண்ணு ஃபெயிலாயிடறா," என்றார் ஜோதியம்மாள் மெதுவாக.

"தெரியும் மேடம். வீட்லயே கூட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

பெனிஷாவின் கண்ணீர் தரையில் விழுந்தது. அருள்ஜோசப் அவள் தலையில் கை வைத்தார். பிறகு குனிந்து, விடைத்தாளில் பெற்றோர் கையொப்பம் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். மணி பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

கதவு வரை போனவர் திரும்பி வந்தார். கிருஷ்ணப்பனைப் பார்த்துக் கை கூப்பினார்.

"திங்கட்கிழமை அந்தப் பாடத்தை இவளுக்கு இன்னொரு தடவை நடத்துங்க சார். எனக்குப் பயப்படாம, முழுசா நடத்துங்க."