ஓரம் இல்லாத காசு

ஐந்து ரூபாய்க் காசை இடது கையால் நீட்டினேன்.

“தப்பா நெனைக்காதீங்க பாய். பத்து நாளா வலது கையைத் தூக்கவே முடியல.”

சேந்தமங்கலத்தில் பழைய நாணயம் வாங்கும் ஹபீப் ரஹ்மான் லென்ஸ் வைத்துப் பார்த்தார். காசில் ஒரு ஓரம் இல்லை. நாணயச் சாலையிலேயே பிழையாக அச்சான காசுக்கு ஆயிரக்கணக்கில் விலை என்று கேள்விப்பட்டுத்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தேன்.

“அச்சடிக்கறப்பவே குறைஞ்சிருந்தா, எதிர்ப்பக்க விளிம்பும் மழுங்கியிருக்கும். இதுல மழுங்கலீங்க. உளி வெச்சு வெட்டியிருக்காங்க. ஏதுங்க இது?”

“எங்கண்ணன் பீரோவுல இருந்துச்சுங்க.”

“அவரு ஊட்ல ஏதாச்சும் களவு போச்சுங்களா?”

“போன மாசம் ரெண்டு மூட்டை மிளகு போச்சுங்க. ‘போனாப் போவுது, உடு சாமி’ன்னு எங்கிட்டச் சொல்லிட்டாரு.”

“அவரு உடலீங்க. கோயில்ல காசு வெட்டிப் போட்டு வேண்டியிருக்காரு. எடுத்தவன் கை முடங்கினதும் இந்த மிச்சத்தையும் கொண்டுபோய்ப் போடுவாரு.”

காசை இடது கையாலேயே திருப்பி வாங்கிக்கொண்டேன்.

கூடப்பிறந்த தம்பியிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டியிருக்கிறார் அண்ணன். சொல்லியிருந்தால் அந்த மூட்டைகளை அன்றைக்கே திருப்பி வைத்திருப்பேன்.