கடைசிக் குடம்

ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டி பொம்மக்காவின் மானாவாரிக் காட்டுக்குள் வந்து காலையிலிருந்து துளை போடுகிறது. கூலி பேசின ஆழம் முடியப்போகிறது, வந்ததெல்லாம் வெள்ளைப் புழுதிதான். நடுவில் துளைக்கும் கம்பி சூடேறி மண்ணுக்குள் சிக்கிக்கொண்டது. வண்டித் தொட்டியிலும் சொட்டு இல்லை. “ஒரு குடம் ஊத்தினாத்தான் கம்பி அசையும்க்கா” என்றான் கம்பி மாட்டுகிற சடையன். சோறாக்க வைத்திருந்த கடைசிக் குடத்தை அவள் இடுப்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குழிக்குள் ஊற்றிவிட்டு வண்டியின் அழுத்தக் காற்றைத் திறந்தார்கள். சேறு பீச்சியடித்து அவள் முகமெல்லாம் அப்பியது.

“வந்துருச்சு!” என்று கத்தினாள். வேலிக்கு அந்தப்புறம் நின்ற ஓரகத்தியைப் பார்த்து, “ஏண்டி, அரைக் குடம் தண்ணி கேட்டதுக்கு மூஞ்சியத் திருப்புனியே, இப்ப அண்டாவத் தூக்கிட்டு வா. நான் ஒன்ன மாதிரி இல்ல” என்றாள். பொம்மக்காவின் புருசன் சூடம் எடுக்க வீட்டுக்கு ஓடினான்.

அது அவள் கொடுத்த தண்ணீர்தான் என்று சடையனுக்குத் தெரியும். மறுபடி காற்றைத் திறந்ததும் புழுதி கிளம்பி, அவள் முகத்துச் சேற்றின்மேல் மாவு மாதிரி படிந்தது. வெறுங்குடத்தைக் குழிக்கு நேராகப் பிடித்தபடியே அவள் நின்றாள்.

“ஊத்துக்கண்ணு தெறக்குறதுக்கு முன்னாடி இப்படிப் புழுதி வரத்தானே செய்யும் தம்பி?”

இத்தனை வருசத்தில் அவன் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. “ஆமாக்கா” என்றான்.

“பேசின ஆழம் முடிஞ்சுபோச்சு. இனிமே அடிக்கு அடி காசு” என்று வண்டிக்காரர் மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

பொம்மக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, காதுத் தோட்டின் திருகைக் கழற்றத் தொடங்கினாள்.