கியர்பாக்ஸ் போயிடுச்சு

"கியர் மாத்தறப்ப ஒரு கரகரப்பு வருது, தம்பி. பல்லை நறநறன்னு கடிக்கற மாதிரி. அதை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க, போதும்" என்றார் அந்த அம்மாள்.

"சரி பண்றதாவது! இருபத்திரண்டு வருஷ வண்டி. தலைமுழுகிடலாம்" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. முதுகுவலின்னு படுத்தப்ப உங்களைத் தலைமுழுகிட்டேனா நான்?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். அவருடைய இயற்பெயரைச் சொன்னால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'காதுக்காரர்' என்றால்தான் தெரியும். எந்த வண்டி வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு அது போடும் சத்தத்தைக் கேட்பார். கேட்டபின் ஒன்று சொன்னால் சொன்னதுதான். நல்லதைக் கெட்டது என்று சொல்லிப் பிழைப்பதைவிடப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்பது அவர் கொள்கை.

"பொண்ணு வீடு மேட்டுமேல இருக்கு, தம்பி. பஸ் கிடையாது. வாராவாரம் பேரப்பிள்ளையைப் பாக்க எங்களுக்கு இது ஒண்ணுதான்" என்றார் அம்மாள்.

"கவலைப்படாதீங்கம்மா. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

காதுக்காரர் வண்டியைத் தனியே எடுத்துச் சென்றார். மேட்டில் ஏற்றினார், பள்ளத்தில் இறக்கினார். கியர் ஒவ்வொன்றும் அரவமின்றித் தத்தம் இடத்தில் போய் விழுந்தது. திரும்பி வந்து எண்ணெயைப் பார்த்தார். இரும்புத் தூள் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவர் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருக்கையில் பெரியவர் மட்டும் மெல்ல வந்து நின்றார்.

"ஐயா, வண்டி தங்கம்! கியர்பாக்ஸ்ல ஒரு குறையும் இல்ல. சந்தோஷமா எடுத்துட்டுப் போங்க."

பெரியவர் முகம் மலரவில்லை. முன்னறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கியர்பாக்ஸ் போயிடுச்சுன்னு அவகிட்டச் சொல்லிடுங்க, தம்பி."

"அது என்னால ஆகாதுங்க. உங்களுக்குப் புது வண்டி வாங்க ஆசைன்னா நீங்களே அம்மாகிட்டப் பேசிக்குங்க. என்னை இழுக்காதீங்க."

"புது வண்டியா?" பெரியவர் தம் இடது தொடையைத் தட்டிக் காட்டினார். "பழுது இதுல இருக்கு. கிளட்சை முழுசா மிதிச்சுட்டேன்னு நினைக்கறேன்; பாதிதான் போயிருக்கு. அதான் அந்தக் கரகரப்பு. நரம்புங்கறார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுமாம். அப்புறம் கைக்கும் வருமாம். வேற ரெண்டு பட்டறையிலயும் வண்டி நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. அதை அவகிட்ட மறைச்சுட்டேன்."

"அம்மாகிட்டச் சொல்லிடறதுதானே, ஐயா?"

"வண்டி போச்சுன்னா ஒரு நாள் அழுவா, தம்பி. இதைச் சொன்னா..."

காதுக்காரர் கையிலிருந்த சோப்பு நுரை அப்படியே உலர்ந்துபோயிற்று.

பெரியவர் வெளியே சென்று, அழுக்கில்லாத கண்ணாடியைத் துணியால் துடைக்கலானார். காதுக்காரர் முன்னறைக்கு வந்தார். நாற்காலியில் காத்திருந்த அம்மாளை அவரால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

"அம்மா, கியர்பாக்ஸ் போயிடுச்சு. செலவு பண்றது வீண். வித்துடுங்க."

தம் குரல் தமக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

அம்மாள் அழவில்லை; ஏன் என்றும் கேட்கவில்லை. வாசல் வழியே கணவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அவருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க, தம்பி. பழுது வண்டியிலதான்னு அவர் நம்பணும்னுதான் ரிப்பேர், ரிப்பேர்னு இத்தனை நாளா அடம் பிடிச்சேன். செருப்பு கழண்டு விழுந்தாக்கூட உணராம நடக்கறார். கால்தான் போயிட்டிருக்குன்னு பாவம், அவருக்கு இன்னும் தெரியாது. வண்டியை வித்துடறோம்."